நிமிடத்தில் முடிவு சொல்லும் எக்ஸ்ரே, படுக்கைக்கு ஆறு நாள்: காசநோயும் புதிய கருவிகளும்

காசநோய் பற்றி அண்மையில் வந்த செய்திகளை வரிசையாகப் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும் அதன் படத்தைப் படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் கிராமங்களுக்கு வந்துவிட்டன என்கிறது ஒரு செய்தி. 2024 டிசம்பர் 7 அன்று இந்தியாவில் தொடங்கிய 100 நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 13 கோடிப் பேர் சோதிக்கப்பட்டு 7.19 லட்சம் நோயாளிகள் கண்டறியப்பட்டனர் என்கிறது இன்னொன்று. அதே நாட்டில், 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் அறிவிக்கப்பட்ட இலக்கு எட்டப்படவில்லை. இதற்கிடையே, ஒரு நோயாளி இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணித்துச் சொல்லும் வசதியைத் தமிழ்நாடு 2025-இல் தன் செயலியில் சேர்த்தது.

கருவிகள் இவ்வளவு முன்னேறியிருந்தால் இறப்பு ஏன் அதே வேகத்தில் குறையவில்லை? நோயைக் கண்டுபிடிக்கும் வேலை வேகமாகியிருக்கிறது. கண்டுபிடித்த பிறகு நடக்க வேண்டிய வேலைகள் அந்த வேகத்துக்கு வரவில்லை. இறப்புகளில் பெரும்பங்கு இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது. அது எங்கெங்கே இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தொற்று வேறு, நோய் வேறு

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். இது காற்றில் பரவும் கிருமி. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ கால் பங்கினரின் உடலில் இது நுழைந்திருக்கிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினரே வாழ்நாளில் என்றாவது நோயாளியாகிறார்கள். மற்றவர்களின் உடல் அதை அடக்கி வைத்துவிடுகிறது. அந்தக் காவல் எப்போது தளர்கிறது என்பதுதான் முக்கியம்: உணவுக் குறைவு, நீரிழிவு, எச்ஐவி, மதுப்பழக்கம், புகை. இந்தியாவில் இவற்றுள் முதலிடம் உணவுக் குறைவுக்கு. கட்டுரையின் கடைசிப் பகுதி அதைப் பற்றியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் உலகில் 1.08 கோடிப் பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளானார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் 26 சதவீதம் இந்தியர்கள். 2015-இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 237 என்றிருந்த புதிய நோயாளிகளின் விகிதம் 2024-இல் 187 ஆகக் குறைந்தது. இது 21 சதவீதக் குறைவு. இலக்கோ 80 சதவீதம். குறைந்தது உண்மை, இலக்கு தொலைவில் இருப்பதும் உண்மை.

சளியில் கிருமியைத் தேடுவது

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்மிடம் இருந்த முதன்மைச் சோதனை ஒன்றுதான்: சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. செலவு குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்குப் படும். அதனால் ஏறத்தாழ பாதி நோயாளிகளை இது தவறவிட்டது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் முறை துல்லியமானது. ஆனால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு ஒப்புதல் தந்தபோது நிலைமை மாறியது. நம் மருத்துவமனைகளில் சிபிநாட் என்று சொல்வது இதைத்தான். சளியில் உள்ள கிருமியின் மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு சோதனை இது. முடிவு சுமார் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். காசநோயின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். தடையில்லாத மின்சாரமும் குளிரூட்டிய அறையும் இதற்குத் தேவை. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட் அந்தத் தேவையைக் குறைத்தது. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவி அது. 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. இந்திய மருத்துவத் தொழில்நுட்பத்தில் பெருமைப்படத்தக்க சாதனைகளில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லைகள் உண்டு. இறந்துபோன கிருமியின் மரபணுவையும் இவை காட்டும். எனவே முன்பே சிகிச்சை முடித்தவரிடம் தவறான முடிவு வரலாம். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவும் பயன்படாது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்பட்டு, இன்னொரு முதன்மை மருந்தான ஐசோனியாசிடுக்கு மட்டும் கட்டுப்படாத கிருமியை இந்த மூலக்கூறு சோதனை காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். குழந்தைகளால் பெரும்பாலும் சளியைத் துப்பிக் கொடுக்க முடியாது. நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டியிலோ முதுகெலும்பிலோ வரும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனையால் பயனில்லை.

எக்ஸ்ரேயைக் கணினி எப்படிப் படிக்கிறது?

சளிப் பரிசோதனைக்கு யாரை அனுப்புவது? இரண்டு வாரம் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு என்று சொல்பவரை அனுப்புவதுதான் வழக்கம். இந்தியா 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு இந்த வழக்கத்தின் பலவீனத்தைக் காட்டியது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் எங்கும் சிகிச்சை தேடவில்லை. 100 நாள் இயக்கத்தில் கண்டறியப்பட்டவர்களில் 2.85 லட்சம் பேருக்கு அறிகுறியே இல்லை. ஆக, எக்ஸ்ரே தேவை. ஆனால் படத்தைப் படிக்க ஒவ்வொரு கிராமத்துக்கும் கதிரியக்க மருத்துவர் கிடைக்கமாட்டார். செயற்கை நுண்ணறிவு நுழைந்தது இந்த இடத்தில்தான். 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே படிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

நோயுள்ளவை, இல்லாதவை என்று குறியிடப்பட்ட ஏராளமான எக்ஸ்ரே படங்களைக் காட்டி இந்த மென்பொருளைப் பழக்குகிறார்கள். புதிய படம் வந்தால், நோயுள்ள படங்களோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஒரு மதிப்பெண்ணாகத் தருகிறது. அந்த மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் ஆளைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மென்பொருள் “காசநோய்” என்று தீர்ப்புச் சொல்வதில்லை. “இவரைச் சோதியுங்கள்” என்று மட்டும் சொல்கிறது. செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி தொலைந்துவிடுகிறது.

அந்த வரம்பு எங்கே வைக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய முதல்நிலைச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த குறைந்தபட்சத் தகுதி இது: நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாத 100 பேரில் 70 பேரைச் சரியாக விடுவிக்க வேண்டும்.

1. பொதுமக்கள் 10,000 பேருக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம். கணக்கெடுப்பின்படி லட்சத்துக்குச் சுமார் 300 என்று வைத்தால் அவர்களில் 30 பேர் நோயாளிகள்.

2. மென்பொருள் 27 பேரைப் பிடிக்கும். 3 பேர் தவறிப்போவார்கள்.

3. நோயில்லாத 9,970 பேரில் 30 சதவீதம், அதாவது 2,991 பேரையும் “சோதியுங்கள்” என்று சொல்லும்.

4. ஆக, 3,018 பேருக்கு மூலக்கூறு சோதனை செய்ய வேண்டும். அவர்களில் சுமார் 112 பேருக்கு ஒருவர்தான் நோயாளி.

ஒரே நேரத்தில் நான்கு மாதிரிகளை ஏற்கும் சிபிநாட் கருவி எட்டு மணி நேரப் பணியில் அதிகபட்சம் 16 சோதனைகளைச் செய்யும். 3,018 சோதனைகளுக்கு அந்த ஒரு கருவிக்கு 189 வேலைநாள் பிடிக்கும். எக்ஸ்ரே வண்டியோ 10,000 படங்களைச் சில வாரங்களில் எடுத்து முடித்துவிடும். முன்னால் பெரிய குழாயைத் திறந்துவிட்டுப் பின்னால் சிறிய வடிகாலை வைப்பது போன்றது இது.

அப்போது மாவட்ட அளவில் ஒரு சபலம் வரும். மதிப்பெண் வரம்பைச் சற்று உயர்த்தினால் சோதனைக்கு அனுப்ப வேண்டியவர்கள் சட்டென்று குறைவார்கள். அதோடு தவறிப்போகும் நோயாளிகள் கூடுவார்கள். யாரைத் தவறவிடலாம் என்ற கொள்கை முடிவு, மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணாக மாறி மறைந்துகொள்கிறது. எந்த மாவட்டத்தில் எந்த வரம்பு, ஏன் என்பது பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றொரு வழி, யாருக்கு எக்ஸ்ரே எடுப்பது என்பதைத் தேர்ந்துகொள்வது. நோயாளியின் குடும்பத்தினர், சிறைவாசிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், நீரிழிவு உள்ள முதியோர் என்று நூற்றுக்கு 3 பேர் நோயாளியாக இருக்கக்கூடிய கூட்டத்தில் அதே 10,000 பேரை எடுத்தால் கணக்கே வேறு. 300 நோயாளிகளில் 270 பேர் கிடைப்பார்கள். சோதனைக்குப் போக வேண்டியவர்கள் 3,180 பேர். ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் நோயாளி. அதே வண்டி, அதே மென்பொருள், பலன் மட்டும் பத்து மடங்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்துகள் படிந்த நுரையீரலும், பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பும் புதிய நோயைப் போலவே படத்தில் தெரியும். நோய் அதிகமாக இருக்கும் கூட்டத்தில்தான் மென்பொருளும் அதிகமாகத் தடுமாறும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர் மக்களின் படங்களைக் கொண்டு வரம்பைச் சரிபார்க்காமல் வேறு நாட்டின் எண்ணை அப்படியே எடுத்து வைப்பது தவறு.

சேத்துப்பட்டு சொன்ன பாடம், அதன் மறுபக்கம்

காசநோய்ச் சிகிச்சையின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்று வளர்ந்திருப்பது அதுதான். அக்காலத்தில் காசநோய் என்றாலே தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்பது நம்பிக்கை. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகள் மிகச் சில.

அந்த மையம் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளில், அதே மருந்தை ஓராண்டு உட்கொண்டார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகையே மாற்றியது. வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், கோடிக்கணக்கானோர் வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் பிரியாமல் குணமடைந்ததற்கும் இந்த ஆய்வு அடித்தளம்.

சரியான முடிவு அது. ஆனால் “காசநோய்க்கு வீட்டிலேயே மருந்து” என்பது பொது விதியானபோது, நிற்கக்கூட முடியாமல் வந்தவரும் மாத்திரைப் பட்டையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கின்றன. மருந்து சரியானது, கிருமியும் அதற்குக் கட்டுப்படுகிறது, ஆனாலும் ஆள் இறந்துபோகிறார். ஏன்?

மருந்து கிருமிகளைக் குறைக்க வாரங்கள் எடுக்கும். அதுவரை உடல் தாக்குப்பிடிக்க வேண்டும். நுரையீரலின் பெரும்பகுதி பழுதானவருக்கு ஆக்சிஜன் உடனே தேவை. பல மாதம் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்தவரின் உடல் உப்புச் சமநிலை குலைந்திருக்கும். திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயமே நின்றுவிடலாம். அவருக்குச் சிறிது சிறிதாக, கண்காணிப்போடு உணவூட்ட வேண்டும். இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியாது.

ஐந்து அளவுகள்

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய “காசநோய் இறப்பில்லாத் திட்டம்” இந்தக் குறையை நேரடியாக எதிர்கொண்டது. நோய் உறுதியான அன்றே ஒவ்வொரு நோயாளியிடமும் பார்க்க வேண்டியவை இவை:

1. உயரத்துக்கேற்ற எடை. உடல் நிறைக் குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோகூட இல்லை என்றால் அந்த நிலை.

2. இரண்டு கால்களிலும் வீக்கம். வீக்கம் இருந்தால் குறியீட்டெண் 16 வரையிலுமே ஆபத்துதான். நீர் கோத்து எடை கூடுதலாகக் காட்டும் என்பதும் இதில் கவனிக்க வேண்டியது.

3. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல்.

4. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94 சதவீதத்துக்குக் கீழே.

5. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை.

இவற்றுள் ஏதாவது ஒன்று ஆபத்தைக் காட்டினால் அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நோயாளிகளில் பத்தில் ஒருவர் அல்லது சற்று அதிகமானோர் இந்த வகையில் வருகிறார்கள்.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். எடை பார்க்கும் கருவி, சுவரில் உயரக் கோடு, கடிகாரம், ஆக்சிமீட்டர், ஒரு செவிலியரின் கண். ஒரு பக்கக் காகிதத்திலேயே குறித்துக்கொள்ளலாம். செயலி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொரோனாவுக்கு முன் சிறு மையங்களில் அரிதாக இருந்த ஆக்சிமீட்டர் அதற்குப் பின் எங்கும் பரவியதும் இதற்குக் கைகொடுத்தது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமல் ஒரு மாநிலம் முழுவதும் இறப்பைக் குறைக்க முயன்ற திட்டம் என்பதாலேயே இதற்கு நான் இவ்வளவு இடம் தருகிறேன்.

செயலி சொல்லும் சதவீதத்தின் பொருள்

இந்த அளவுகளைப் பதிவு செய்ய ஏற்கெனவே இருந்த இணையச் செயலியில்தான் 2025-இல் கணிப்பு வசதி சேர்க்கப்பட்டது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழ்நாட்டின் அரசு மையங்களில் கண்டறியப்பட்ட சுமார் 56 ஆயிரம் நோயாளிகளின் பதிவுகளிலிருந்து உருவானது இது. கடும் நிலையில் உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரையிலும், மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் என்றும் இது காட்டுகிறது.

30 சதவீதம் என்று திரையில் வந்தால், அந்த மனிதரின் விதி எழுதப்பட்டுவிட்டது என்று பொருளல்ல. இதே அளவுகளோடு முன்பு வந்த 100 பேரில் ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள் என்பதே பொருள். அன்று அவர்களுக்குக் கிடைத்த கவனிப்பில் நிகழ்ந்தது அது. இன்று வேகமாகச் சேர்த்து நன்றாகக் கவனித்தால் அந்த எண் பொய்யாக வேண்டும், அதற்காகத்தான் கணிப்பே.

நோய் கண்டறியப்பட்டதிலிருந்து மருத்துவமனையில் சேர்க்கும்வரை தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு நாள் ஆகிறது. ஆனால் கடும் நிலையில் உள்ளவர்களில் கால் பங்கினருக்கு ஆறு நாள்வரை தாமதமாகிறது. ஒரு நிமிடம் மூச்சை எண்ணி ஆபத்து என்று தெரிந்துகொண்டவருக்குப் படுக்கை கிடைக்க ஆறு நாள். இந்தத் தாமதத்துக்கு மென்பொருள் மருந்தல்ல. ஆம்புலன்ஸ் வர வேண்டும், துணைக்கு ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும், வீட்டில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும், சேர்க்க வேண்டிய மருத்துவமனை “இங்கே இடமில்லை, அங்கே போங்கள்” என்று சொல்லாமல் இருக்க வேண்டும். சதவீத எண் இதில் உதவக்கூடியது ஒன்றே ஒன்று: யாரை முதலில் அழைத்து வருவது என்பதைக் கீழ்நிலைப் பணியாளர் மேலதிகாரியிடம் வாதாடிச் சொல்ல அது பிடிமானம் தரும்.

அந்த எண் தவறாகவும் பயன்படலாம். 50 சதவீதம் என்பதைப் பார்த்த மருத்துவமனை, “இவர் தேறமாட்டார், வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று சொல்லிவிடக்கூடும். அப்படி நடந்தால் காப்பாற்ற வந்த கருவியே கைவிடுவதற்குச் சாக்காகிவிடும். கணிப்பு உயர்ந்த நோயாளிகளில் எத்தனை பேர் எத்தனை நாளில் சேர்க்கப்பட்டார்கள் என்பது மாவட்டவாரியாகத் தணிக்கை செய்யப்படாமல் இந்த வசதி பிற மாநிலங்களுக்குப் பரவக் கூடாது.

மருந்து இருக்கிறதா?

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்படாத கிருமியைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறோம். முன்பு அதற்கு 20 மாதம்வரை சிகிச்சை; காதைச் செவிடாக்கக்கூடிய ஊசிகளும் சேர்ந்திருந்தன. 2024 செப்டம்பரில் இந்தியா ஒப்புதல் தந்த புதிய முறையில் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகள் ஆறே மாதத்தில் வேலையை முடிக்கின்றன. ஊசி கிடையாது. பெடாகுயிலின் மீதான காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அதை எதிர்த்து மனுச் செய்தவர்கள், பழைய ஊசியால் செவித்திறனை இழந்து மீண்ட இரு பெண்கள். நோயாளிகள் தாங்களே போராடி மருந்து விலை குறைய வழிதிறந்த அரிய நிகழ்வு அது.

இந்தப் புதிய மருந்துகளுக்கும் கிருமி பழகிக்கொள்ளும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பை இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவியால் பெடாகுயிலின் எதிர்ப்பைச் சொல்ல முடியாது. அதற்குப் பெரும்பாலும் வளர்ப்புச் சோதனையையே நம்பியிருக்கிறோம். புதிய மருந்து தாலுகா மருத்துவமனைவரை வந்துவிட்டது, அதற்கான சோதனை பெருநகர ஆய்வகத்தில் நிற்கிறது.

இதைவிட எளிய தடங்கலும் உண்டு. 2023-இலும் 2024-இலும் பல மாநிலங்களில் அன்றாடக் காசநோய் மாத்திரைகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. 2024 மார்ச்சில் மாநிலங்கள் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு எழுத வேண்டியதாயிற்று. சில நாள் மருந்து தடைப்பட்டாலும் நோய் திரும்பவும் கிருமி எதிர்ப்புப் பெறவும் வாய்ப்புண்டு.

தட்டில் உள்ள மருந்து

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. 2,800 காசநோயாளிகளுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேருக்கும் என்ன நிகழ்கிறது என்று பார்த்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொண்ட உணவுப் பை. குடும்பங்களில் ஒரு பிரிவுக்கு மட்டும், வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும்.

2023-இல் வெளியான முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். அரிசியும் பருப்பும் சேர்ந்தால் தடுப்பூசியைப் போலச் செயல்படும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 சதவீதம் என்பது 2 கிலோ.

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயானது. உயர்வு வரவேற்கத்தக்கது. ஆனால் நோயாளியின் கணக்கில் வரும் பணம் ஐந்து பேர் சாப்பிடும் அடுப்புக்குத்தான் போகிறது. தாய் நோயாளியாக இருந்தால் முட்டை அவர் தட்டுக்கு வராது, பிள்ளைகளின் தட்டுக்குப் போகும். ஜார்க்கண்டில் குடும்பத்துக்கே தனியாக உணவு கொடுத்ததன் காரணம் இதுதான். நம் நாட்டுத் திட்டத்தில் குடும்பத்தினருக்கான உணவுப் பை நன்கொடையாளர்களின் விருப்பத்தைப் பொறுத்திருக்கிறது. 39 சதவீத நோயைத் தடுக்கக்கூடிய ஒன்றை நன்கொடைக்கு விடுவதை நியாயப்படுத்த முடியாது. அரசின் ரேஷன் கடையிலேயே அது உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

பணம் வரும் நாளும் முக்கியம். இப்போதைய விதிப்படி 3,000 ரூபாய் நோய் கண்டறியப்பட்டவுடன் முன்பணமாகவும், அடுத்த 3,000 ரூபாய் 84 நாள் சிகிச்சை முடிந்த பிறகும் வர வேண்டும். உயிர் நிலைக்குமா என்பது பெரும்பாலும் முதல் 60 நாளில் முடிவாகிவிடுகிறது. வங்கிக் கணக்கு இல்லாதவர், கணக்கோடு ஆதார் இணையாதவர், திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி ஆகியோருக்கு முதல் தவணையே தள்ளிப்போனால், அந்த 2 கிலோ கூட வேண்டிய நாள்கள் வெறும் மாத்திரையோடு கழிந்துவிடும். எனவே முன்பணம் கணக்கில் ஏறும்வரை காத்திராமல், நோய் உறுதியான அன்று அதே மையத்தில், மாத்திரைப் பட்டையோடு சேர்த்து முதல் மாதத்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் கையில் கொடுத்தனுப்பப்பட வேண்டும்.